நாதஸ்வரம் ‘மிடி’க்குள் அடங்குமா? தஞ்சையில் லேப்டாப்பை வைத்து இசை பதிவு செய்வது எப்படி

1991-ல் உலகம் முழுக்க இருக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுகளுக்குப் பொதுவாக ஒரு வாத்தியப் பட்டியல் போட்டார்கள். பெயர் ‘ஜெனரல் மிடி’. மொத்தம் 128 ஒலிகள். பியானோவில் தொடங்கும் அந்தப் பட்டியலில் 105-வது இடத்தில் சிதார் இருக்கிறது. 112-வது இடத்தில் ஷெனாய். ஜப்பானின் கோட்டோ, ஸ்காட்லாந்தின் பேக்பைப் எல்லாம் உண்டு. 126-வது இடத்தில் ஹெலிகாப்டர் சத்தம்கூட உண்டு. நாதஸ்வரம் இல்லை. வீணையும் இல்லை. தாள வாத்தியங்களுக்கென்று தனியாக 47 ஒலிகள் கொடுத்தார்கள். அதிலும் தவில் கிடையாது, மிருதங்கம் கிடையாது.

அதாவது, காவிரிப் படுகையின் மூன்று பெரிய வாத்தியங்களுக்கும் அந்தப் பட்டியலில் நாற்காலி போடவில்லை. கும்பகோணம் - மயிலாடுதுறை சாலையில் இருக்கும் நரசிங்கம்பேட்டையின் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு அது 2013-லேயே கிடைத்துவிட்டது. வலங்கைமான் தவிலைப் பற்றி டெல்டாக்காரர்களிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இன்று ஒரு பாட்டு தயாராவது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள்தான். அங்கே இந்த வாத்தியங்கள் எந்த வழியாக உள்ளே போகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அவை தாங்களாக இருக்குமா, இல்லை ஷெனாய் மாதிரி ஏதோ ஒன்றாக மாறிவிடுமா என்பது முடிவாகிறது.

வழி இரண்டே இரண்டுதான். ஒன்று மிடி, இன்னொன்று ஆடியோ. மென்பொருளில் இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்த பட்டைகளாகத் தெரியும். பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானும் ஒன்றுதான். அதனால்தான் புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

நோட்டுப் புத்தகமும் கச்சேரியும்

பாட்டு கிளாஸ் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். டீச்சர் நோட்டில் ‘ஸ ரி க ம’ என்று எழுதித் தருவது மிடி. அதே பாட்டை டீச்சர் பாடும்போது போனில் பிடித்து வைப்பது ஆடியோ.

மிடியில் சத்தம் என்று எதுவுமே இல்லை. ஒரு கீயை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குப் போவது மூன்று பைட் தகவல்: எந்த சேனலில் அழுத்தியது, எந்த ஸ்வரம், எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள். ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண். அழுத்தும் வேகத்துக்கும் அதே 0 முதல் 127 வரை எண். கையை எடுத்ததும் ‘நிறுத்து’ என்று இன்னொரு தகவல் போகும். அந்தத் தகவலை வாங்கி என்ன சத்தம் போடுவது என்பது எதிர்முனையில் இருக்கும் சின்தசைசரின் விருப்பம். பியானோவாக வாசித்ததைக் கேட்பவர் புல்லாங்குழலாக மாற்றிக்கொள்ளலாம். தப்பாக விழுந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் மவுஸால் பிடித்து நகர்த்திவிடலாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் குரல் கரகரக்காது, ஏனென்றால் அங்கே குரலே இல்லை.

ஆடியோ அப்படியில்லை. காற்றில் வரும் அதிர்வை மைக் மின்சாரமாக மாற்ற, அதை நொடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து எண்களாக எழுதி வைப்பது. வித்வான் மூச்சு இழுத்ததும் அதில் இருக்கும், பக்கத்து வீட்டு குக்கர் விசிலும் இருக்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஃபைல் அளவிலேயே தெரிந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரே ஒரு மைக்கைப் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 8.6 எம்.பி. ஆகும். நாதஸ்வரத்துக்கு ஒன்று, தவிலுக்கு இரண்டு என மூன்று மைக் வைத்து அரை மணி நேரம் வாசித்தால் கிட்டத்தட்ட 780 எம்.பி. அதே அரை மணி நேர மிடி ஃபைல் பெரும்பாலும் சில நூறு கேபி-யைத் தாண்டாது.

இந்த மிடி தோன்றியது 1983-ல். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் இதற்கு முக்கியக் காரணம். வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்பதுதான் அவர்களின் கவலை. இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். கீபோர்டுக்காரர்கள் கீபோர்டுகளுக்காகச் செய்த மொழி அது என்பதை மட்டும் இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். அடுத்து வரும் சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான்.

தோடியில் மாட்டிக்கொள்ளும் மிடி

கீபோர்டில் ஒரு கீயை அழுத்தினால் ஒரு ஸ்வரம். அடுத்த கீ, அடுத்த ஸ்வரம். நடுவில் எதுவும் இல்லை. நாதஸ்வரத்தில் எல்லாமே அந்த நடுவில்தான் இருக்கிறது.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். தோடி என்றாலே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஞாபகத்துக்கு வருவார். அந்தக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சல் ஆடும். காகிதத்தில் எழுதினால் ‘க’ என்று ஒற்றை எழுத்து. காதில் விழுவது ஒரு அலை. விரலால் துளையைப் பாதி மூடுவதும், சீவாளி மேல் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சையும் மாற்றுவதும் சேர்ந்து அந்த அலையை உண்டாக்குகின்றன.

மிடியிலும் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ‘பிட்ச் பெண்ட்’ என்பார்கள். கீபோர்டின் இடது பக்கம் இருக்கும் சின்னச் சக்கரம் அதற்குத்தான். 16,384 படிகளில் ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கலாம். படிகள் தாராளம்தான். சிக்கல் எல்லை. வழக்கமாக அந்த வளைவு மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம் என்ற அளவில் வைக்கப்பட்டிருக்கும். தோடி காந்தாரத்தின் ஊஞ்சல் கணக்கு பார்த்தால் ஏறக்குறைய அதே அளவுதான். விளிம்பில் தப்பிக்கும். ஆனால், ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே மூச்சில் வழுக்கிப் போக ஏழு அரைஸ்வரம் வேண்டும். சக்கரம் அதற்கு எட்டாது. எல்லையை 12-க்கு மாற்றி வைத்தால்தான் நடக்கும்.

இதில் டெல்டாவிலிருந்து வெளியூருக்கு ஃபைல் அனுப்புபவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் ஒரு இடம் உண்டு. மிடி ஃபைலில் ‘சக்கரம் எவ்வளவு தூரம் திரும்பியது’ என்பதுதான் பதிவாகும். ‘எத்தனை ஸ்வரம் வளைந்தது’ என்பது பதிவாகாது. இங்கே எல்லையை 12 என்று வைத்து வாசித்து, சென்னையில் அதை 2 என்று இருக்கும் மென்பொருளில் திறந்தால் கமகம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தோடி காந்தாரம் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். தலைகீழாக, 2-ல் வாசித்ததை 12-ல் திறந்தால் காந்தாரம் ஒரு முழு ஸ்தாயி மேலும் கீழும் பாயும். கேட்பவர் வாசித்தவரைத்தான் சந்தேகப்படுவார், செட்டிங்கை அல்ல. ஃபைலோடு ‘பெண்ட் ரேஞ்ச் 12’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் இந்த அசிங்கம் மிச்சம்.

இன்னொரு தொல்லை, பழைய மிடியில் வளைவு ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் சேர்த்தே வளைக்கும். இதைச் சரிசெய்ய 2018-ல் ‘எம்பிஇ’ என்ற முறை வந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் கொடுத்து, தனித்தனியாக வளைக்கும் வசதி. 2020-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மிடி 2.0 இன்னும் நுணுக்கமாகப் போகிறது. அழுத்தும் வேகத்துக்கு 128 படி போய் 65,536 படி வந்துவிட்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால், அதை வாசிக்க எம்பிஇ கீபோர்டு வேண்டும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து வரும் குழாயில் யுஎஸ்பி போர்ட் கிடையாது.

சரி, நாதஸ்வரத்தை முதலில் ஆடியோவாகப் பதிவு செய்து, பிறகு மென்பொருளை வைத்து மிடியாக மாற்றினால்? மாற்றலாம். மெலடைன், லாஜிக், ஏபிள்டன் லைவ் எல்லாவற்றிலும் அந்த வசதி இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2022-ல் இலவசமாக வெளியிட்ட ‘பேசிக் பிட்ச்’ என்ற கருவி வளைவுகளையும் சேர்த்தே பிடிக்கப் பார்க்கிறது. ஆனால், பெரும்பாலான மாற்றிகள் எங்கே ஒரு ஸ்வரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தேடும் விதத்தில் செய்யப்பட்டவை. ஊஞ்சலாடும் ஒரு காந்தாரத்தை அவை ரி, க, ம, க, ரி என்று ஐந்து துண்டாக நறுக்கிவிடும். பாட்டின் மெட்டை மட்டும் எடுத்து, பின்னணியில் வயலின் ஒலியோ பேஸோ சேர்க்க இது உதவும். நாதஸ்வரத்துக்குப் பதிலாக அதை வைக்க முடியாது.

வீணைக்காரர்கள் ‘எங்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை, 24 மெட்டு இருக்கிறதே’ என்று நினைக்கலாம். இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு, கீபோர்டு மாதிரியே ஸ்தாயிக்கு 12. பார்வைக்கு மிடிக்கென்றே செய்த வாத்தியம் போலத் தெரியும். ஆனால், ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே அடுத்தடுத்த ஸ்வரங்களைக் கொண்டுவருவதுதான் வாசிப்பின் உயிர். அங்கேயும் அதே கதைதான்.

அப்படியானால் மிடி எதற்கு?

நிறைய வேலைக்கு. தாளம் தவறாமல் இருக்க ஒரு கிளிக், அடியில் போகும் பேஸ், பரவலாக நிற்கும் ஸ்ட்ரிங்ஸ், பாட்டின் முதல் வரைவு, இதெல்லாம் மிடியிலேயே இருக்கட்டும். பாடகரின் சுருதி 5 கட்டையிலிருந்து 4½-க்கு இறங்கினால் மொத்த மிடியையும் ஒரே கிளிக்கில் அரைஸ்வரம் இறக்கிவிடலாம். 1992-ல் வந்த ‘ரோஜா’வின் பாடல்கள் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டையொட்டி அமைத்த ஸ்டுடியோவில்தான் உருவாயின. கம்ப்யூட்டர் ஒலியையும் நிஜ வாத்தியத்தையும் ஒரே பாட்டில் கலப்பது தமிழ்க் காதுக்குப் பழகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எது எங்கே என்று பிரித்துக்கொள்வதுதான் விஷயம்: நடுவில் எதுவும் நடக்காத ஸ்வரங்கள் மிடிக்கு, நடுவில்தான் எல்லாம் நடக்கிறது என்றால் மைக்குக்கு.

தவில் இந்தப் பிரிவினையில் சுவாரஸ்யமான கேஸ். அதில் கமகம் இல்லை, அடிதான். கீபோர்டில் ‘தவில்’ சாம்பிள் ஏற்றித் தட்டினால் போதாதா? மெதுவான தாளத்துக்குச் சமாளிக்கலாம். வலது கையில் மாவுப் பசையும் துணியும் சுற்றி இறுகக் காய வைத்த கூடுகள், இடது கையில் பூவரசங் குச்சி. விரல்கள் தோலில் படும் இடம் ஒரு அங்குலம் மாறினாலே சொல் மாறும். தனி ஆவர்த்தனத்தில் அடுத்தடுத்த இரண்டு அடி ஒன்று போல இருக்காது. சாம்பிள் தவிலில் அடிகளுக்கிடையே வித்தியாசம் குறைவு. வேகம் கூடும்போது அது தவிலாக இல்லாமல் தையல் மிஷின் மாதிரி கேட்கும்.

மைக் வைப்பதற்கு முன்

ரெக்கார்டிங் மென்பொருளைச் சுருக்கமாக ‘டாவ்’ என்பார்கள் (நம்மூர் ‘டாவு’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கராஜ்பேண்ட், ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ, கியூபேஸ், லாஜிக் என்று எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். முதலில் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்வது நல்லது. வீடியோவுக்கும் இதுதான் வழக்கம். ஆடியோ டிராக் ஒன்று போட்டு, இன்டர்ஃபேஸில் மைக் எந்தத் துளையில் சொருகியிருக்கிறதோ அந்த எண்ணைத் தேர்வு செய்து, டிராக்கை ‘ஆர்ம்’ செய்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கும். மிடி டிராக் என்றால் மைக்குக்குப் பதில் கீபோர்டைத் தேர்வு செய்ய வேண்டும், ஒலிக்கு ஒரு மென்பொருள் வாத்தியத்தையும் ஏற்ற வேண்டும். மிடி டிராக் ஓடியும் சத்தம் வராவிட்டால் பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலை விட்டுப்போயிருக்கும்.

இதெல்லாம் யூடியூபில் கிடைக்கும். கிடைக்காதது நாதஸ்வரத்துக்கு எப்படி மைக் வைப்பது என்பது.

நாதஸ்வரம் திறந்தவெளிக்கு, தேரோடும் வீதிக்குச் செய்த வாத்தியம். பத்துக்குப் பத்து அறையில் வாசித்தால் சுவர்கள் திருப்பி அடிக்கும். முனையில் இருக்கும் அணைசின் வாய்க்கு நேராக மைக்கை வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது பாதிச் சத்தத்தைத்தான் பிடிக்கும். துளைகள் திறந்திருக்கும்போது ஒலி அந்தத் துளைகள் வழியாகவும் வெளியேறுகிறது. அதனால், ஒரு மீட்டர் தள்ளி, குழாயின் நடுப்பகுதியைப் பார்த்தபடி மைக்கை வைத்தால் முழு வாத்தியமும் கிடைக்கும். அணைசுக்கு அருகில் வைத்தால் சில ஸ்வரங்கள் மட்டும் கத்தும், மற்றவை பம்மும். அறை சின்னதாக இருந்தால் சுவரோரம் மெத்தை, ஜமுக்காளம், துணி நிறைந்த அலமாரி எதுவும் உதவும். கூடத்தில் பதிவு செய்வதைவிடத் துணி அடுக்கிய பெட்ரூம் மேல்.

லெவல் விஷயத்தில் பேராசை கூடாது. சோதித்துப் பார்க்கும்போது வித்வான்கள் மெதுவாகத்தான் வாசிப்பார்கள். நிஜப் பதிவில், மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது, மீட்டர் சிவப்புக்குப் போய்விடும். டிஜிட்டலில் சிவப்பு என்றால் அலையின் தலை வெட்டப்பட்டது என்று அர்த்தம், பிறகு ஒட்ட முடியாது. மிக உச்சமான இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி வைத்தால் நிம்மதி. 24 பிட்டில் பதிவு செய்யும்போது சத்தம் குறைவாக இருந்தாலும் பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

சுற்றுச் சத்தம் டெல்டாவில் சீசனுக்கு சீசன் மாறும். அறுவடை நேரத்தில் வயலில் கதிர் அறுக்கும் இயந்திரம், மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி, மற்ற நேரம் பம்புசெட். ஃபேன் கட்டாயம் நிறுத்தப்பட வேண்டும், வேர்த்தாலும். ‘ம்ம்ம்’ என்று அடித்தளத்தில் ஒரு முனகல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், பெரும்பாலும் எர்த் சரியில்லாத பிளக். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் பல நேரம் போய்விடும்.

சுருதி யாருக்கு யார் சேர்ப்பது?

மென்பொருள் 440 ஹெர்ட்ஸை ‘ஏ’ என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. நாதஸ்வரத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. ராஜரத்தினம் பிள்ளை காலத்திலிருந்து புழக்கத்துக்கு வந்த நீளமான பாரி நாயனம் சுமார் 2, 2½ கட்டையில் பேசும். ‘சுமார்’ என்பதுதான் முக்கியம். விரல் வைக்கும் ஏழு துளைகள் போக இருக்கும் ஐந்து துளைகளில் மெழுகு வைத்துத்தான் சுருதியைச் சரிசெய்கிறார்கள். காவிரிக் கரையில் விளையும் நாணலில் செய்த சீவாளி, ஈரம் ஏற ஏறக் குணம் மாறும். வாசிக்கத் தொடங்கியபோது இருந்த சுருதியும் கால் மணி நேரம் கழித்து இருக்கும் சுருதியும் கொஞ்சம் வேறாக இருக்கலாம்.

மிடி ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டு, ‘அண்ணே, இதுக்குச் சேத்துக்கங்க’ என்றால் அவர் படும் பாடு சொல்லி மாளாது. தலைகீழாகச் செய்வதுதான் புத்திசாலித்தனம். வித்வான் வந்து, வாசித்துச் சீவாளி பழகிய பிறகு, ஒரு நிமிடம் ஷட்ஜத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டும். டியூனரில் அது எத்தனை சென்ட் ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்று பார்த்து, மென்பொருளின் மாஸ்டர் டியூனிங்கை அதே அளவு நகர்த்தினால் மிடி வாத்தியங்கள் எல்லாம் நாதஸ்வரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஒரு அரைஸ்வரம் என்பது 100 சென்ட். 15 சென்ட் விலகினாலே நல்ல காது கண்டுபிடித்துவிடும்.

ஹெட்போனில் தாமதம் இன்னொரு தலைவலி. வாசித்த ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வர நேரம் எடுக்கும். பஃபர் 1,024 சாம்பிள் என்று இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே 21 மில்லி செகண்ட். 128 என்று குறைத்தால் 3 மில்லி செகண்டுக்கும் கீழே வரும். தவில்காரருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். பதிவு செய்யும்போது 128, பிறகு மிக்ஸ் செய்யும்போது 1,024 என மாற்றிக்கொள்வது வழக்கம். ப்ளூடூத் ஹெட்போனைப் பதிவறைக்குள் விடவே கூடாது. அதன் தாமதம் தனிக் கணக்கு.

நாதஸ்வரத்தையும் தவிலையும் தனித்தனியாகப் பதிவு செய்தால் சுத்தமாக இருக்கும் என்பது புத்தக அறிவு. ஒருவர் மைக்கில் இன்னொருவர் விழ மாட்டார், உண்மைதான். ஆனால், நாதஸ்வரக்காரர் எங்கே மூச்சு விடப் போகிறார் என்று தவில்காரர் கண்ணால் பார்த்துத்தான் அந்த இடத்தை நிரப்புகிறார். பிரித்து உட்கார வைத்தால் ஒலி சுத்தமாகும், வாசிப்பு தளர்ந்துவிடும். இரண்டு பேரையும் ஒரே அறையில் முடிந்தவரை தள்ளி, ஒருவரையொருவர் பார்க்கும்படி உட்கார வைத்து, ஒலி கொஞ்சம் கலப்பதைப் பொறுத்துக்கொள்வது இந்த இசைக்குப் பொருத்தம்.

இம்போர்ட்: ஃபைலை இழுத்துப் போட்டால் போதுமா?

போதும், பத்தில் எட்டு தடவை. மீதி இரண்டு தடவையில்தான் ராத்திரித் தூக்கம் போகிறது.

சென்னையிலிருந்து ஒரு பாட்டின் பின்னணி இசை வருகிறது, தஞ்சாவூரில் அதன் மேல் நாதஸ்வரம் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வந்த ஃபைல் 44.1 கிலோஹெர்ட்ஸ், இங்கே புராஜெக்ட் 48. இம்போர்ட் செய்யும்போது மென்பொருள் ‘மாற்றிக்கொள்ளட்டுமா?’ என்று கேட்கும், அல்லது தானாகவே மாற்றிக்கொள்ளும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டினால் பாட்டு வேகமாக ஓடும். 2 கட்டைச் சுருதி 2½-க்கும் 3-க்கும் நடுவே போய் நிற்கும். ஐந்து நிமிடப் பாட்டு 24 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். வித்வான் ‘சுருதி ஏறிக் கெடக்கே தம்பி’ என்று சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எம்பி3-யாக வாங்குவதும் வம்பு. எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் சில பத்து மில்லி செகண்ட் வெறும் மௌனம் சேர்ந்துகொள்ளும். அதன் மேல் வாசித்ததை வேவ் ஃபைலாக அனுப்பினால், அங்கே மூலப் பாட்டோடு வைக்கும்போது கொஞ்சம் பிந்தும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம், ஒலி சுருக்கப்பட்டுவிடும். வாட்ஸ்அப்தான் வழி என்றால் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்ப வேண்டும். பெரிய ஃபைலுக்கு கூகுள் டிரைவ் மேல்.

திருப்பி அனுப்பும்போது ஒரு பழக்கம் எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்தும்: நாதஸ்வரம் இரண்டாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும், ஃபைலைப் பாட்டின் முதல் நொடியிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்வது. முன்னால் மௌனமாக இருக்கட்டும். எதிர்முனையில் இருப்பவர் ஃபைலைத் தொடக்கத்தில் போட்டாலே எல்லாம் சரியான இடத்தில் உட்காரும்.

மிடி ஃபைலை இம்போர்ட் செய்யும்போது வேறொரு கேள்வி வரும். அந்த ஃபைலுக்குள்ளேயே டெம்போ எழுதப்பட்டிருக்கும். ‘இந்த டெம்போவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று மென்பொருள் கேட்டால், காலிப் புராஜெக்டில் ‘ஆம்’, ஏற்கெனவே ஆடியோ இருக்கும் புராஜெக்டில் பெரும்பாலும் ‘இல்லை’. இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் வேகம் மாறி, ஆடியோவும் மிடியும் ஆளுக்கொரு பக்கம் ஓடும்.

ஆலாபனையில் இன்னும் ஜாக்கிரதை தேவை. அதில் தாளமே கிடையாது. சில மென்பொருள்கள், குறிப்பாக ஏபிள்டன் லைவ், நீளமான ஆடியோவை உள்ளே போட்டதும் இதன் தாளம் இதுதான் என்று தானாக ஊகித்து இழுத்துச் சுருக்கப் பார்க்கும். ‘வார்ப்’ என்று அதற்குப் பெயர். ஆலாபனைக்கு அதை அணைத்துவிட வேண்டும். மல்லாரி மாதிரி தாளம் உள்ளதற்கும் கட்டத்துக்குள் அடக்கும் ‘குவாண்டைஸ்’ வேண்டாம். சுவாமி புறப்பாட்டின் நடைக்கு வாசிப்பது அது. வாசிப்பைக் கட்டத்துக்கு இழுக்காமல், கட்டத்தை வாசிப்புக்கு நகர்த்தும் ‘டெம்போ மேப்’ வசதி எல்லாப் பெரிய மென்பொருளிலும் உண்டு. வேலை அதிகம், அரை நாள் எடுக்கும். மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 என்று முதலிலேயே அளவை மாற்றி வைத்தால் அந்த அரை நாளும் கொஞ்சம் குறையும்.

வாசித்தது யாருடையது?

சாம்பிள் நூலகம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கலைஞரை உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்வரமாக, ஒவ்வொரு பிரயோகமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதை மிடி கீபோர்டில் யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி விற்பது. கீபோர்டில் நாதஸ்வரச் சத்தம் கேட்கும் இடத்திலெல்லாம் எங்கோ ஒரு நிஜ நாதஸ்வரக்காரரின் மூச்சு இருக்கிறது. அவருக்குப் பெரும்பாலும் ஒரு நாள் கூலிதான் கிடைத்திருக்கும். கல்யாண மண்டபத்தில் கீபோர்டுக்காரர் ஒருவரே கெட்டிமேளம் வரை முடித்துவிடுகிறார் என்றால், அங்கே வேலை இழந்தவரும் அந்தச் சத்தத்தைக் கொடுத்தவரும் ஒரே தெருக்காரராகக்கூட இருக்கலாம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாட்டு எழுதியவர், இசையமைத்தவரோடு நிற்கவில்லை. வாசிப்பவருக்கும் ‘நிகழ்த்துநர் உரிமை’ தருகிறது. வாசித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 வருடம் அது செல்லும். 2012-ல் வந்த திருத்தம், வாசிப்பு வணிக ரீதியாகப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையையும், வாசித்தவர் யார் என்று அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமையையும் சேர்த்தது. ஆனால், கேட்பதற்குக் காகிதம் வேண்டும். என்ன வாசித்தோம், எந்தப் பாட்டுக்கு, சாம்பிளாக விற்கலாமா கூடாதா, என்ன சம்பளம் என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது பெரிய வேலை இல்லை. செல்போனில் பிடித்த அந்தக் காகிதத்தின் படமும், பதிவான நாளின் அசல் வேவ் ஃபைலின் ஒரு நகலும் வாசித்தவரிடம் இருக்க வேண்டும். பதிவு முடிந்ததும் வித்வான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவை இவை இரண்டும்தான். 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டுபோனால், முன்பு சொன்ன மூன்று மைக் கணக்கில் கிட்டத்தட்ட நாற்பது மணி நேரப் பதிவு அதில் அடங்கும்.